மணையின் நிறமும் மறைந்துபோன வரலாறும்

நமது வீடுகளிலுள்ள தளபாடங்களின் பெயர்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். கதிரை, மேசை, வாங்கு, அலுமாரி என்பன போர்த்துக்கேயரோடு வந்த சொற்கள். லாச்சி, ஒல்லாந்தர் நமக்கு விட்டுச் சென்றது. ஆனால் நிலத்தோடு ஒட்டிக் கிடக்கும் மணைக்கும் மூன்று காலில் நிற்கும் முக்காலிக்கும் நாம் எவரிடமும் பெயர் இரவல் வாங்கவில்லை. அவை அத்துணை பழையவை, அத்துணை எளியவை. எளியவையாக இருப்பதனாலேயே அவற்றின் வரலாற்றை எழுத எவரும் முன்வருவதுமில்லை. அரியணைகளுக்கு வரலாறு உண்டு. அவற்றில் ஏறியவர் யார், இறக்கப்பட்டவர் யார் என்பதெல்லாம் கல்லிலும் செப்பேட்டிலும் பொறிக்கப்பட்டுள்ளன. பால் கறப்பவர் குந்தியிருந்த முக்காலிக்கும், உயரத்தில் இருந்ததை எடுக்க ஒரு பெண் ஏறிநின்ற மணைக்கும் அந்தப் பாக்கியம் கிட்டுவதில்லை.

இந்தப் பொதுவிதிக்கு விலக்காக அமைந்த ஒரு கூட்டத்தார் அமெரிக்காவில் வாழ்ந்தனர். ஷேக்கர்கள் என்று அவர்களை அழைப்பர். அவர்கள் தமது தேவைக்காகக் கையாற் செய்த மணைகளும் வாங்குகளும் கதிரைகளும் இன்று பெரும் நூதனசாலைகளில் இடம்பெற்றுள்ளன. அவற்றைப் பற்றி வெளிவந்த நூலொன்றுக்கு 1939 ஆம் ஆண்டில் 'ஆர்ட் புலட்டின்' என்ற அமெரிக்கக் கலை ஆய்விதழில் ஒரு மதிப்புரை எழுதப்பட்டது. எழுதியவர் நம்மவர். 1877 இல் கொழும்பிலே, சேர் முத்துக் குமாரசுவாமியின் மகனாகப் பிறந்து, 1917 முதல் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையிற் பணியாற்றி வந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்களே அவர். கண்டிநாட்டுக் கைவினைஞரையும் இந்தியச் சிற்பிகளையும் பற்றி எழுதிய அதே பேனா, அமெரிக்கத் தச்சரின் மரவேலையைப் பற்றியும் எழுதியது. பயனும் அழகும் பிரிக்கப்படக் கூடாதவை என்பது அவர் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்திய கருத்து. அக்கருத்துக்கு உயிருள்ள சான்றாக ஷேக்கர்களின் தளபாடங்கள் அவருக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

இன்று அவர்களுடைய மணைகளைப் பற்றியும், சிறப்பாக அம்மணைகளின் மேற் பூசப்பட்ட வர்ணத்தைப் பற்றியும் நோக்குவோம். அந்த வர்ணத்துக்கு நேர்ந்த கதி, வரலாற்றைப் பேணுவதாக எண்ணுகின்ற நம் அனைவருக்கும் ஒரு பாடமாகும்.

முதலில் இந்த ஷேக்கர்கள் யார் என்பதை அறிந்துகொள்ள வேண்டும். 1736 இல் இங்கிலாந்தின் மான்செஸ்ரர் நகரிலே, ஒரு கொல்லரின் மகளாகப் பிறந்தவர் ஆன் லீ. பஞ்சாலையில் வேலை செய்தவர். நான்கு பிள்ளைகளைப் பெற்று நால்வரையும் பறிகொடுத்தவர். வழிபாட்டின்போது உடல் நடுங்கி ஆடுகின்ற ஒரு சிறு சமயக் குழுவில் சேர்ந்த அவர், நாளடைவில் அதன் தலைவியானார். 'நடுங்குபவர்' என்று பிறர் இட்ட கேலிப் பெயரே பின்னர் அவர்களுக்கு நிலைத்த பெயராயிற்று. ஏளனத்துக்கும் சிறைக்கும் ஆளான ஆன் லீ, 1774 இல் எட்டுப் பேருடன் கப்பலேறி நியூயோர்க் சென்றார். பத்தே ஆண்டுகளில், 1784 இல், அங்கே காலமானார். ஆனால் அவர் இட்ட வித்து முளைத்தது. நியூயோர்க் மாநிலத்தின் நியூ லெபனானைத் தலைமையிடமாகக் கொண்டு, 1787 முதல் அவர்கள் கூட்டுவாழ்வு வாழத் தொடங்கினர். துறவு, பொதுச் சொத்து, பாவ அறிக்கை, ஆணும் பெண்ணும் சமமாகத் தலைமை தாங்குதல் என்பன அவர்களுடைய கொள்கைகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வடக்கே மெயின் தொடக்கம் தெற்கே கென்ரக்கி வரை அவர்களுடைய ஊர்கள் பரந்திருந்தன. உறுப்பினர் தொகை பல ஆயிரமாக இருந்தது.

துறவிகளாயினும் அவர்கள் காட்டுக்குப் போனவர்கள் அல்லர். உழைப்பே வழிபாடு என்று கொண்டவர்கள். ஆண்களும் பெண்களுமாகப் பலர் ஒரே பெருமனையில், தனித்தனிப் படிக்கட்டுகளைப் பயன்படுத்தி வாழ்ந்தனர். சொத்துப் பொதுவாகையால் உடுப்பும் துணியும் கருவியும் ஒழுங்காக வைக்கப்பட வேண்டும். ஆதலால் சுவரோடு சேர்த்துக் கட்டிய அலுமாரிகளும் லாச்சிகளும் தரையிலிருந்து கூரையை நோக்கி அடுக்கடுக்காக எழுந்தன. நியூஹாம்ப்ஷயர் மாநிலத்தின் என்ஃபீல்ட் என்ற ஊரில் 1837 இற்கும் 1841 இற்கும் இடையில் அவர்கள் கட்டிய ஆறடுக்குக் கல்மனையில் மட்டும் இவ்வாறு சுவரோடு பொருத்திய லாச்சிகள் 860 இருந்தன.

லாச்சிகள் உயர உயர, அவற்றை எட்டுவதற்கு மணை வேண்டும். இங்கேதான் நமது கதாபாத்திரம் தோன்றுகிறது. இரண்டு, மூன்று, சில வேளைகளில் நான்கு படிகள் கொண்ட சிறிய மர மணை அது. படிமணை என்று அதனைக் கூறலாம். மூன்று நான்கு படிகள் உடையவை உயரத்திலுள்ள லாச்சிகளை எட்ட உதவின. இரண்டு படிகள் உடையவற்றைப் பெண்கள் தையல் வேலையின்போது பாதங்களைத் தாங்கும் மணையாகக் கொண்டனர். இவற்றைவிடப் பால் கறக்கும் மணைகள், வேலைத்தலங்களில் இருக்கும் மணைகள், மேசையின் முன் சுழன்று திரும்பக்கூடிய இருக்கைகள் என வேலைக்கு ஒரு மணை இருந்தது.

ஒரு படிமணையின் அமைப்பைப் பாருங்கள். பெரும்பாலும் பைன் மரம். பக்கத்துக்கு ஒரு பலகை. அதன் அடிப்பகுதியில் வளைவாக ஒரு துண்டு வெட்டியெடுக்கப்பட, எஞ்சிய இரு முனைகளும் கால்களாகி விடுகின்றன. தனியாகக் கால் செய்து பொருத்த வேண்டியதில்லை. பலகைகள் சந்திக்கும் இடத்தில் இரண்டையும் பற்கள்போல வெட்டி ஒன்றோடொன்று கோத்திருப்பர். ஆணியடித்தாலும் அடியாவிட்டாலும் அந்தப் பிடி தளராது. செதுக்குவேலை இல்லை, கடைசல் அலங்காரம் இல்லை. தேவைக்கு மேலான எதுவும் பாவத்துக்கு அண்மையது என்பது அவர்களுடைய எண்ணம்.

செய்தவர் யார்? பெரும்பாலான மணைகளில் அதனை அறிய வழியில்லை. தன் கைவேலையைப் பிற்காலத்தவர் அறிந்து பாராட்டும் பொருட்டுத் தன் பெயரைப் பொருளின்மேல் எழுதலாகாது என்பது 1845 ஆம் ஆண்டு விதித்தொகுப்பிற் கண்ட கட்டளை. ஆங்காங்கே ஒருவர் லாச்சியின் பின்புறத்தில் தம் பெயரையும் ஆண்டையும் எழுதி வைத்ததுண்டு. மனித மனம் அவ்வளவு எளிதில் அடங்குவதில்லை. ஆயினும் மணை போன்ற சிறு பொருள்கள் பெரும்பாலும் பெயரற்றவை. பெயரில்லாத இடத்தில் வரலாற்று மாணவனுக்குக் கிடைப்பவை மரம், வெட்டு, தேய்வு, வர்ணம் ஆகிய நான்குமே. இவற்றுள் வர்ணமே அதிகம் பேசக்கூடியது; அதுவே எளிதில் அழியக்கூடியதும் ஆகும்.

ஷேக்கர் தளபாடம் என்றதும் இன்று உலகம் எதனை எண்ணுகின்றது? தேன் நிறத்தில் மினுங்கும் வெறும் மரத்தை. வெண்சுவரின் முன் தனித்து நிற்கும் நிறமற்ற ஓர் இருக்கையை. எளிமை என்றால் நிறமின்மை என்று நாம் முடிவு கட்டிவிட்டோம். உண்மை இதற்கு நேர்மாறானது. அவர்கள் வர்ணம் பூசுவதில் தயங்கியவர்கள் அல்லர். ஆழ்ந்த நீலம், பளிச்சிடும் மஞ்சள், செங்காவி, பச்சை ஆகிய நிறங்களில் மணைகளும் பெட்டிகளும் கட்டில்களும் கதவு நிலைகளும் விளங்கின. மெயின் மாநிலத்தின் சபாத்டே லேக் என்ற ஊரில் 1794 இல் அவர்கள் கட்டிய வழிபாட்டு மண்டபம் இன்றும் நிற்கின்றது. அதன் உட்புற மரவேலையில் அன்று பூசிய நீலவர்ணம் இன்றுவரை மறுபூச்சு இல்லாமல் நிலைத்திருக்கின்றது.

விதித்தொகுப்பும் இதற்குச் சாட்சி. 1821 இல் முதன்முதல் எழுதப்பட்டு, 1845 இல் மிக விரிவாக்கப்பட்ட அந்தத் தொகுப்பு, வழிபாட்டு மண்டபம் வெளியே வெண்மையும் உள்ளே நீலச் சாயலும் பெறவேண்டும் என்கிறது. கட்டில்களுக்குப் பச்சை, மனைகளின் தரைக்குச் சாயமிடுவதாயின் செம்மை கலந்த மஞ்சள், நீள்வட்டப் பெட்டிகளுக்குச் செம்மையோ மஞ்சளோ ஏற்றலாம், ஆனால் வார்னிஷ் கூடாது. இவ்வாறு நிறத்துக்கு நிறம் விதி செய்திருக்கின்றார்கள். சட்டநூலைப் படிக்கும் வரலாற்றாசிரியன் ஒன்றை மறக்கலாகாது. எவரும் செய்யாத ஒன்றை எவரும் தடுப்பதில்லை. பெட்டிக்கு வார்னிஷ் பூசாதே என்று விதி கூறுமாயின், யாரோ ஒரு சகோதரர் தம் பெட்டிக்கு வார்னிஷ் பூசி, அதன் மினுக்கத்தைக் கண்டு மகிழ்ந்திருக்கின்றார் என்பதே பொருள். அந்தக் கடுமையும் நீண்டகாலம் நிலைக்கவில்லை. 1860 இல் விதிகள் திருத்தித் தளர்த்தப்பட்டன.

இந்த நிறங்கள் எங்கிருந்து வந்தன? செம்மைக்கு இரும்புச் சத்துள்ள காவி மண்ணும் ஈயச் செந்தூரமும். மஞ்சளுக்கு மஞ்சட் காவியும், பின்னர் குரோம் மஞ்சளும். நீலத்துக்குப் பிரஷிய நீலம். இவற்றுட் சில அக்காலத்தின் மிகப் புதிய கண்டுபிடிப்புகள். பிரஷிய நீலம் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேர்லின் நகரில் தற்செயலாகக் கண்டறியப்பட்டது. குரோமியம் என்ற மூலகம் 1797 இல் பிரான்சில் கண்டுபிடிக்கப்பட்ட பின்னரே குரோம் மஞ்சள் தோன்றியது. உலகத்தை வெறுத்து ஒதுங்கி வாழ்ந்தவர்கள் என்று நாம் கருதும் இந்த மக்கள், உலகச் சந்தையில் வந்த புதிய வர்ணத்தை வாங்கித் தமது மணைக்குப் பூசினார்கள். நிறங்கூட்டும் முறைகளைத் தமது குறிப்பேடுகளில் எழுதியும் வைத்தார்கள். அரைத்த நிறத்தூளை ஆளிவிதை எண்ணெயிற் குழைத்து, மரத்தின் ரேகை தெரியும்படி மெல்லியதாகப் பூசிய மணைகள் பல உள.

உள்நாட்டுப் போருக்குப் பின் அமெரிக்கா தொழிற்சாலைகளின் நாடாக மாறியது. துறவுக் கூட்டத்தில் புதிதாகச் சேர்வோர் குறைந்தனர். கதிரைகளைச் செய்து வெளியாருக்கு விற்கும் தொழிலை மட்டும் நியூ லெபனானில் அவர்கள் திறம்பட நடத்தினர். 1876 இல் பிலடெல்ஃபியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியிலும் அக்கதிரைகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஆயினும் ஊர்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. முதுமையுற்ற சகோதரிகள் சிலர் எஞ்சியிருந்த பெருமனைகளில் பொருள்கள் மட்டும் நிறைந்து கிடந்தன. அவற்றைச் சிறிது சிறிதாக விற்றே அவர்கள் செலவைச் சரிக்கட்ட வேண்டியிருந்தது.

இந்நிலையில் 1923 இல், எட்வேர்ட் அன்ட்றூஸ் என்பவரும் அவர் மனைவி ஃபெய்த்தும் மசாசூசெற்ஸ் மாநிலத்தின் ஹன்கொக் ஊரில் பாண் வாங்குவதற்காக ஷேக்கர்களின் வீட்டுக் கதவைத் தட்டினர். பாணோடு அவ்வீட்டின் தளபாடங்களையும் கண்டு வியந்தனர். அன்று தொடங்கிய தேட்டம் அவர்களுடைய வாழ்நாட் பணியாயிற்று. 1935 இல் நியூயோர்க்கின் விற்னி நூதனசாலையில் ஷேக்கர் கைவினைக் கண்காட்சி நடந்தது. 1937 இல் இருவரும் எழுதிய 'ஷேக்கர் தளபாடம்' என்னும் நூல் வெளிவந்தது. குமாரசுவாமி மதிப்புரை எழுதியது இந்நூலுக்கே. அழிவின் விளிம்பிலிருந்த ஒரு மரபை உலகின் கண்ணுக்குக் காட்டிய பெருமை அவ்விருவருக்கும் உரியது, அதில் ஐயமில்லை.

ஆனால் அந்த நூலிலிருந்த ஒளிப்படங்கள் கறுப்பு வெள்ளைப் படங்கள். வில்லியம் வின்ரர் என்ற கலைஞர் மிக நேர்த்தியாக எடுத்தவை. வெண்சுவர், கருநிழல், இடையே ஒரு கதிரை அல்லது மணை. அக்காலத்து அச்சில் அதுவே இயல்பு. எனினும் படத்தைப் பார்த்தவர்களின் மனத்தில் மணையின் மஞ்சளும் பெட்டியின் சிவப்பும் பதியவில்லை. வடிவம் மட்டுமே பதிந்தது. அதே காலத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நவீன கட்டடக் கலைஞர்கள் அலங்காரத்தைத் துறந்த வடிவத்தைப் போற்றிக்கொண்டிருந்தனர். தமக்கு முன்னோடிகள் ஷேக்கர்களே என்று அவர்களுட் பலர் மகிழ்ந்தனர். டென்மார்க்கின் பொர்க்கே மொகென்சன் 1947 இல் வடிவமைத்த புகழ்பெற்ற கதிரை ஷேக்கர் மரபின் செல்வாக்கில் உருவானது.

இதன் விளைவு என்னவென்றால், பழைய ஷேக்கர் மணையை வாங்கியவர்கள் அதிலிருந்த மங்கிய, வெடித்த, அழுக்கேறிய வர்ணத்தை ஒரு மாசாகவே கண்டனர். 'உண்மையான' மரத்தைக் காண்பதற்காக அதனைச் சுரண்டினர். கடுங்காரக் கரைசலில் ஊறவைத்துக் கழுவினர். பின்னர் மெழுகு தேய்த்து மினுக்கினர். அக்காலத்தில் ஷேக்கர் பொருளுக்கு மட்டுமன்றி, அமெரிக்க நாட்டுப்புறத் தளபாடங்கள் பலவற்றுக்கும் இக்கதியே நேர்ந்தது. எவரும் தீய எண்ணத்தோடு செய்யவில்லை. விரும்பியவர்களே செய்தனர். எரித்தவனும் எறிந்தவனும் விட்டுவைத்ததை, நேசித்தவன் கழுவிவிட்டான்.

கழுவப்பட்டது வெறும் பூச்சாக இருந்தால் நாம் வருந்த வேண்டியதில்லை. வர்ணம் பூசிய மணை ஒன்றை ஊன்றிப் பாருங்கள். மேற்படியின் நடுவில் வர்ணம் தேய்ந்து மரம் தெரியும். அங்கே பாதம் பதிந்தது. முன்விளிம்பில் தேய்வு அதிகமாயிருக்கும். ஏறுகின்றவள் முதலில் அழுத்துவது அவ்விடத்தையே. பக்கப் பலகையின் மேல் விளிம்பில் கை பிடித்துத் தூக்கிய இடம் கறுத்து வழவழப்பாகும். அடிப்புறத்தில், ஒளி படாத இடத்தில், பூசிய அன்றிருந்த நிறம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். தச்சர் ஆணாயினும், அந்த மணையில் நாள்தோறும் ஏறியிறங்கியவர்கள் பெரும்பாலும் பெண்கள். துணி அடுக்கியவர்கள், தைத்தவர்கள், விளக்கேற்றியவர்கள். தச்சருக்கேனும் சில வேளை கணக்கேட்டில் ஒரு பெயர் உண்டு. ஏறிநின்றவளுக்கு அந்தத் தேய்வைத் தவிர வேறு பதிவு இல்லை. வர்ணத்தைச் சுரண்டும்போது அந்த ஒரே பதிவும் போய்விடுகின்றது.

பழைய நிறங்களும் இருந்தபடியே இருப்பதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. நீலத்தின் மேற் பூசிய வார்னிஷ் காலப்போக்கில் மஞ்சளாகும். நீலம் பச்சையாகத் தோன்றும். செப்புக் களிம்பிற் செய்த பச்சை கபிலமாக மாறும். பிற்காலத்தில் ஷேக்கர்களே பழைய பூச்சின்மேல் வேறு நிறம் பூசியதும் உண்டு. எனவே கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆய்வாளர்கள் ஒரு புதிய வழியிற் சென்றனர். ஊசிமுனையளவு பூச்சைப் பெயர்த்தெடுத்து, பிசினில் இட்டு இறுகவைத்து, குறுக்காக வெட்டி மெருகேற்றி, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துக் கழியூதாக் கதிரிற் பார்த்தனர். மண்படைகளைப் பார்த்துப் புவிச்சரிதவியலாளர் காலத்தைக் கூறுவதுபோல, பூச்சின் படைகளைக் கொண்டு எது முதலாவது, எது பின்னையது என்று அறிய முடிந்தது.

அந்த ஆய்வுகள் பல நம்பிக்கைகளைத் தகர்த்தன. ஷேக்கர்கள் பாலிற் குழைத்த வர்ணத்தையே பூசினர் என்பது பழம்பொருள் வியாபாரிகள் நெடுங்காலம் சொல்லிவந்த கதை. ஆராய்ந்த மாதிரிகளிற் பெரும்பாலானவற்றில் இருந்தது எண்ணெய்ப் பூச்சே. வெறும் மரமென்று கருதப்பட்ட பொருள்களின் மூட்டுகளிலும் பிளவுகளிலும் மஞ்சளின், சிவப்பின், நீலத்தின் துணுக்குகள் ஒளிந்திருந்தன. வண்ணமற்ற ஷேக்கர் அறை என்பது பெரிதும் இருபதாம் நூற்றாண்டின் கற்பனை என்பது புலனாயிற்று.

இன்று சந்தையின் போக்கும் மாறிவிட்டது. முதற் பூச்சு அழியாத மணைக்கே இப்போது மதிப்பு அதிகம். சுரண்டி மினுக்கியதற்குக் குறைவு. மதிப்பு ஏற, போலியும் வந்தது. பழைய மரத்துக்குப் புதிய வர்ணம் பூசி, உப்புத்தாளால் தேய்த்து, பழையதென்று விற்போர் உளர். அவர்களைக் கண்டறியும் வழியும் பூச்சிலேயே இருக்கின்றது. மரம் வெடிப்பதற்கு முன் பூசிய வர்ணம் வெடிப்பின் உள்ளே இராது. வெடிப்பினுள் வர்ணம் வழிந்து கிடக்குமாயின், பூசியவர் வெடிப்புக்குப் பிந்தியவர். பாதம் படாத மூலையில் தேய்வு இருந்தால், அது பாதத்தின் தேய்வன்று.

இவ்விடத்தில் மீண்டும் குமாரசுவாமியை நினைக்க வேண்டியிருக்கின்றது. 1905 இல், இலங்கைக் கனிப்பொருள் அளவையின் பணிப்பாளராக இருந்தபோது, கண்டிப் பிரதானிகளுக்கு அவர் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். முன்னோர் விட்டுச்சென்ற கட்டடங்களையும் கலைகளையும் பேணும் பொறுப்பை அதில் நினைவூட்டினார். 1908 இல் வெளிவந்த 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற பெருநூலில், ஓவியர் வர்ணங்களை எவற்றிலிருந்து ஆக்கினர், எவ்வாறு பூசினர் என்பதையும் எழுதி வைத்தார். வடிவத்தை மட்டும் பதிவு செய்தாற் போதாது. பூச்சையும் பூசும் முறையையும் பதிவு செய்ய வேண்டும் என்ற தெளிவு அவரிடம் அன்றே இருந்தது. கைவினைஞன் மறைந்த பின் முதலில் மறக்கப்படுவது அந்தக் கைமுறையே என்பதை அவர் கண்டிருந்தார்.

அவர் 1947 இல் மசாசூசெற்ஸ் மாநிலத்திற் காலமானார். ஷேக்கர்களின் தலைமையூராகிய மவுன்ற் லெபனான், அதாவது பழைய நியூ லெபனான், மூடப்பட்டதும் அதே ஆண்டிலேயே. ஹன்கொக் 1960 இல் மூடப்பட்டு நூதனசாலையாயிற்று. இன்று சபாத்டே லேக்கில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் மட்டுமே அந்த நெறியில் வாழ்கின்றனர்.

எளிமையாக வாழ்ந்தவர்கள் நிறத்தையும் வெறுத்திருப்பார்கள் என்று நாம் எண்ணினோம். நாம் எண்ணியபடியே அவர்களுடைய பொருள்களையும் ஆக்கிக்கொண்டோம். முன்னோர் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று தீர்மானித்துவிட்டு, அதற்கு ஒவ்வாததைத் துடைத்தெடுப்பது மணைகளுக்கு மட்டும் நேர்கின்ற காரியமா? பழைய சுவரைச் சுண்ணாம்பு கொண்டு மூடும்போதும், பழைய ஏட்டில் நமக்குப் பிடிக்காத பாடத்தைத் திருத்திப் பதிப்பிக்கும்போதும் நாம் செய்வது எது? பழமையைப் பேண விரும்புவோர் கையில் உப்புத்தாளை எடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. சபாத்டே லேக் மண்டபத்தில், 1794 ஆம் ஆண்டின் நீலம் இன்றும் அந்தக் கேள்விக்கு விடையாக இருந்துகொண்டிருக்கின்றது.